கரை காக்கும் கடன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஆண்டு விழா மேடையிலே சமயத்தின் பெருமையை எடுத்துரைத்தல் வழக்கம். இன்று நாங்கள் பேச வந்த பொருளோ குப்பை. இதனைக் கேட்டுச் சிலர் முறுவல் செய்தலும் கூடும். ஆயினும் நமது வாவிக் கரையிலே கிடக்கும் குப்பையைப் பற்றிப் பேசுதல் சமயத்தைப் பற்றிப் பேசுதலேயாகும் என்பதனைச் சிறிது நேரத்தில் உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

நாங்கள் பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவர். மிஷன் பாடசாலையிலே கற்றவர். காலையில் திருநீறு அணிந்து வீட்டிலிருந்து புறப்பட்டு, பாடசாலையிலே வேதாகமக் கதை கேட்டு, மாலையில் கோயில் மணியோசை கேட்டு வளர்ந்தவர். இதனால் எமது சமயப் பற்றுக் குறைந்துவிட்டதென்று எவரும் கவலைகொள்ள வேண்டியதில்லை. 1814 ஆம் ஆண்டில் வில்லியம் ஓல்ற் என்னும் மெதடிஸ்த பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்த காலந்தொட்டு இப்பகுதிப் பிள்ளைகள் பலர் மிஷன் பாடசாலைகள் வழியே கல்வி பெற்றனர். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்ற காரைதீவுப் பிள்ளையே பின்னாளில் சுவாமி விபுலாநந்தர் ஆனார். 1929 இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். பிற சமயத்தார் நடத்திய பள்ளியிற் கற்றது அவருக்குத் தடையாகவில்லை. எல்லாரோடும் கூடிப் பணியாற்றும் பரந்த உள்ளம் அவரிடத்து விளங்கியது. அந்த உள்ளமே இன்று நாம் பேசும் கருமத்துக்கும் வேண்டற்பாலது.

முதலில் நமது வாவியின் நிலையைச் சிந்திப்போம். செட்டிபாளையம் கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக இரு நீருக்கு இடையே கிடக்கும் ஒடுங்கிய நிலம். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவிக்குக் கடலோடு கலக்கும் வாய்கள் இரண்டே. ஒன்று பாலமீன்மடுவிலுள்ள முகத்துவாரம். மற்றையது தெற்கே கல்லாறு. வரண்ட மாதங்களில் இவ்வாய்களை மணற்றிட்டு அடைத்துவிடும். மாரி மழை பெய்து வெள்ளம் பெருகும்போது மணல் தானாக உடையும், அல்லது வெட்டிவிடப்படும். ஆகவே, ஆண்டிற் பல மாதங்களுக்கு நமது வாவி வாய் மூடிய ஒரு பாத்திரம் போன்றது. அதில் இடுவது அதிலேயே கிடக்கும். வெள்ளம் வரும்போது அது கடலுக்குப் போகும். கடலுக்குப் போனதும் தொலைந்ததாகாது. சோளகமோ வாடையோ வீசும்போது கரைக்கே மீண்டு வருதலும் உண்டு.

கரையோரத்துக் கண்டல் மரங்களைப் பாருங்கள். சேற்றிலிருந்து விரல்கள் போல மேல்நோக்கி நிற்பவை அவற்றின் மூச்சு வேர்கள். அவற்றின் நடுவிலேதான் இறாற்குஞ்சும் நண்டுக்குஞ்சும் மீன்குஞ்சும் ஒதுங்கி வளருகின்றன. பொலித்தீன் பை ஒன்று அவ்வேர்களிற் சுற்றிக்கொண்டால் மரம் மூச்சு விட இயலாது தவிக்கும். மரம் பட்டால் குஞ்சுக்கு ஒதுங்க இடமில்லை. குஞ்சு இல்லையேல் தோணிக்காரன் வலையில் எஞ்சுவது பிளாஸ்ரிக் போத்தலே. குப்பை என்பது கண்ணுக்கு அழகில்லாத பொருள் மட்டுமன்று. அது ஒரு குடும்பத்தின் இராச் சோற்றிற் கை வைக்கும் பொருள்.

நமது அயலிலுள்ள அம்பாறை மாவட்டத்திலே, பள்ளக்காடு என்னும் இடத்துக் குப்பை மேட்டில் பிளாஸ்ரிக்கை உணவோடு உண்டு ஏறத்தாழ 20 யானைகள் எட்டு ஆண்டுகளுள் இறந்தன என்று 2022 சனவரியிலே செய்தி வந்தது. எக்கருமத்தையும் ஆனைமுகத்தோனை வணங்கித் தொடங்கும் மக்கள் நாம். நாம் எறிந்த பையை உண்டு ஆனை மாண்டதென்றால் அது நம் நெஞ்சைத் தொடவேண்டாமா?

இதற்குச் சட்டம் இல்லையோ என்று கேட்பீர்கள். சட்டம் உண்டு. 2017 செப்டெம்பர் 1 ஆம் திகதி தொடக்கம் உணவு சுற்றும் லஞ்ச்சீற்றும் றெஜிபோம் உணவுப் பெட்டியும் இலங்கையில் தடை செய்யப்பட்டன. சமய விழாக்களிலும் ஏனைய விழாக்களிலும் பொலித்தீனால் அலங்காரம் செய்தலும், பிளாஸ்ரிக்கைத் திறந்த வெளியில் எரித்தலும் அன்றே தடுக்கப்பட்டன. ஆயின் சட்டம் மட்டும் போதுமா? ஆற்றுவாழையின் கதையைக் கேளுங்கள். தென் அமெரிக்காவிலே பிறந்த இந்தப் பூண்டு அதன் ஊதாப் பூவின் அழகுக்காக 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளில் அது நீர்நிலைகளை மூடத் தொடங்கியமையால் 1909 இலே அதனை ஒழிப்பதற்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் பிறந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆற்றுவாழையோ இன்றும் மாரி வெள்ளத்தோடு ஆறுகளிலும் குளங்களிலுமிருந்து நமது வாவிக்கு மிதந்து வருகின்றது. ஊரவர் கையும் மனமும் சேராத சட்டம் ஏட்டுச் சுரைக்காயேயாகும்.

அப்படியாயின் ஊர் கூடிச் சிரமதானம் செய்வதுதானே வழி? செய்கின்றோம். வருடத்தில் ஒருநாள் மாணவர் திரண்டு வருவர். கையுறையும் சாக்கும் கொடுக்கப்படும். முற்பகலிற் கரை பளிச்சென்றாகும். நண்பகலிற் சிற்றுண்டிப் பொட்டலம் வரும். அது சுற்றி வந்த பொலித்தீன் அங்கேயே விழும். ஒரு மாதத்தின் பின் கரை பழையபடியே கிடக்கும்.

வாவியை நம்மவர் ஆறு என்றே சொல்லுவர். அந்த ஆற்றிலே வலை வீசும் முதியவர் ஒருவர், நாங்கள் கரையிற் குப்பை பொறுக்கியபோது தோணியை நிறுத்திப் பார்த்திருந்துவிட்டு, “மனே, நீங்க படிச்சு முடிச்சுப் போயிருவீங்க. ஆறு இங்கதானே கிடக்கும்? அதுக்குப் பிறகு ஆரு பொறுக்குற?” என்று கேட்டார். அவர் ஏளனஞ் செய்யவில்லை, கவலையோடுதான் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடுவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. மாணவர் என்போர் வழிப்போக்கர். மூன்று அல்லது நான்கு ஆண்டுகளிற் பட்டம் பெற்றுக் கொழும்புக்கோ வேறு தேசத்துக்கோ போய்விடுவர். அவர்களிடம் உள்ளவை கை வலிமை, ஓய்வு நேரம், எண்ணிக் கணக்கிடும் அறிவு. இல்லாதது நிலைபேறு. ஆலயமோ நிலைத்து நிற்பது. பாட்டனும் பேரனும் ஒரே வாசலில் வணங்குகின்றனர். சடங்கு தவறாது வருகின்றது. குடிகளின் முறை தவறுவதில்லை. வண்ணக்கர் ஒரு சொற் சொன்னால் ஊர் கேட்கின்றது. ஆயினும் ஆலயத்திலே கையிற் சாக்கோடு ஆற்றங்கரைக்கு இறங்க ஆள் இல்லை. ஒருவரிடம் உள்ளது மற்றவரிடம் இல்லை. ஆகவே இருவரும் சேர்ந்தாலன்றி இக்கருமம் நிலைக்காது. மாணவர் தனியே செய்தால் அது ஒருநாட் காட்சி. ஆலயம் தனியே சொன்னால் அது உபதேசம். இரண்டும் கூடினால் அது வழக்கமாகும். வழக்கமான பின்னர் ஏவுவார் வேண்டியதில்லை.

இது எமது கற்பனையன்று. உலகத்திலே நடந்து காட்டியவர் உளர்.

கல்கத்தாவிலே 1899 ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவியது. சேரிகளின் அழுக்கை நீக்கும் பணியை இராமகிருஷ்ண மிஷன் ஏற்றது. சுவாமி சதானந்தர் துப்புரவு வேலையை நேரே நின்று நடத்தினார். சகோதரி நிவேதிதை செயலாளராக விளங்கினார். இவர் அயர்லாந்திலே கிறிஸ்தவ போதகர் ஒருவரின் மகளாய்ப் பிறந்து, சுவாமி விவேகானந்தரின் மாணவியாகி இந்திய மண்ணுக்கு வந்தவர். அவ்வாண்டு ஏப்பிரலில் விவேகானந்தர் தலைமை வகிக்க, கொள்ளைநோயும் மாணவர் கடமையும் என்னும் பொருள்பற்றி நிவேதிதை பேசினார். அதனைக் கேட்ட மாணவருள் 15 பேர் முன்வந்தனர். பெரிய நகரத்துக்கு 15 பேர் மிகச் சொற்பம். ஆனால் அவர்கள் ஒருநாள் வந்து போகவில்லை, ஞாயிறுதோறும் கூடினர். வீடுவீடாய்ச் சென்று சுகாதார முறைகளை எடுத்துக் கூறினர். ஆள் போதாத வேளையில் நிவேதிதையே விளக்குமாற்றை எடுத்துத் தெருக்கூட்டினார் என்றும், அதைக் கண்டு வெட்கிய வாலிபர் ஓடிவந்து வேலையை ஏற்றனர் என்றும் கூறுவர்.

1915 இல் அரித்துவாரத்திலே கும்பமேளா நடந்தது. தென்னாபிரிக்காவிலிருந்து வந்த காந்தியடிகளின் பீனிக்ஸ் ஆச்சிரமத்து இளைஞர் அங்கே தொண்டர்களாகச் சென்றனர். இலட்சக்கணக்கானோர் கூடிய அப்புண்ணிய தலத்திலே மலத்தை மண்ணிட்டு மூடும் பணியை அவர்கள் கேட்டுப் பெற்றனர். தீர்த்தமாடுவோரின் புண்ணியத்துக்கும் அதனைக் காத்தோரின் புண்ணியத்துக்கும் எது பெரிது என்று நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

நமது நாட்டிலே சிரமதானம் என்னும் சொல்லை ஊரறியச் செய்தவரும் மாணவரே. 1958 டிசெம்பரிலே கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தின தமது மாணவரைக் கனத்தொலுவ என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். சாதியால் தாழ்த்தப்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர் அது. மாணவர் அவர்களோடு தங்கி உடலுழைத்தனர். பௌத்த தருமத்தையும் காந்தியத்தையும் அடிப்படையாகக் கொண்ட அந்த முயற்சியே பின்னர் சர்வோதய இயக்கமாகி ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியது. 2024 இல் ஆரியரத்தின காலமானார். இயக்கம் நிலைத்து நிற்கின்றது. ஏன் நிலைத்தது? உதவி செய்ய வந்தவர் திரும்பிப் போனபோது ஊரவரே அதனைத் தம் கருமமாக ஏற்றமையால் நிலைத்தது.

நமக்கு மிகவும் ஒப்பான எடுத்துக்காட்டு பஞ்சாப்பிலே உண்டு. அங்கே காளி பேயின் என்னும் 160 கிலோமீற்றர் நீளமுள்ள ஆறு சீக்கியர்க்குப் புனிதமானது. குரு நானக் அதிலே நீராடி ஞானம் பெற்றார் என்பது அவர்தம் நம்பிக்கை. அத்தகைய ஆறு பல நகரங்களினதும் கிராமங்களினதும் கழிவு நீர் விழுந்து, ஆற்றுவாழை மூடிச் சாக்கடையாயிற்று. 2000 ஆம் ஆண்டிலே பல்பீர் சிங் சீச்சேவால் என்னும் துறவி தொண்டர்களோடு நீரில் இறங்கினார். கைகளாலேயே பூண்டை அகற்றினர். அதனோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கழிவு நீரைக் குழாய் வழியே குளங்களுக்குத் திருப்பி, தெளிந்தபின் வயல்களுக்குப் பாய்ச்சும் வழியையும் கிராமங்களுக்குக் காட்டினர். 2006 இலே குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அங்கே நேரிற் சென்று பார்த்தார். ஒரு சீக்கியத் துறவியின் பணியைக் காண இராமேசுவரத்து முஸ்லிம் பிள்ளை சென்ற காட்சியை எண்ணிப் பாருங்கள். நல்ல நீரின் கரையிலே சமயங்கள் கூடுவது இயல்பேயாகும்.

1986 செப்டெம்பரிலே, ஒரே மாதத்தில், உலகத்தின் இரு மூலைகளிலே இரண்டு காரியங்கள் நடந்தன. இத்தாலியிலுள்ள அசிசி நகரிலே இந்து, பௌத்த, கிறிஸ்தவ, இஸ்லாமிய, யூத சமயத்தார் ஒன்றுகூடி, இயற்கையைக் காத்தல் தத்தம் சமயத்தின் கடமை என்று அறிக்கை செய்தனர். அமெரிக்காவின் தெக்சாஸ் கடற்கரையிலே 2,800 தொண்டர் கூடிச் சில மணி நேரத்தில் 124 தொன் குப்பையை அகற்றினர். இவர்கள் பொறுக்கியதோடு அமையாது, எடுத்த ஒவ்வொரு பொருளையும் வகை பிரித்து எண்ணி அட்டையில் எழுதினர். குப்பை எங்கிருந்து வந்தது என்பது அதனால் வெளிப்பட்டது. கப்பல்களிலிருந்து வந்த குப்பை மிகுதி என்பதற்கு அக்கணக்குச் சான்றாக நின்றது. கப்பல்கள் கடலிலே பிளாஸ்ரிக் கொட்டுவதைத் தடுக்கும் சர்வதேச விதி 1988 டிசெம்பர் 31 இல் நடைமுறைக்கு வந்தது. அசிசியிலே சொல் பிறந்தது. தெக்சாசிலே கணக்குப் பிறந்தது. நமக்கு இரண்டும் வேண்டும்.

இனி, நமது சமயத்தை நோக்குவோம். திருநாவுக்கரசு நாயனாரின் திருவுருவத்தைக் கண்டோர் அவர் கையிலுள்ள உழவாரத்தை அறிவர். வேதமோதும் கைக்கு ஏடும் மாலையும் போதுமே. புற்செதுக்கும் கருவி எதற்கு? திருக்கோயில் வீதியின் புல்லைச் செதுக்குதலும் வழிபாடே என்பதைக் காட்டுதற்கு. அந்த உழவாரம் மதிலோடு நின்றுவிட வேண்டுமா? சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. தில்லை என்பது உப்பங்கழிக் கரையில் வளரும் மரம். நமது வாவிக் கரையிலும் நிற்கும் அதே மரம். வாவியின் மேற்குக் கரையிலுள்ள முருகன் தலத்தைத் தில்லை மண்டூர் என்றே அழைக்கின்றோம். தில்லையைப் பாடும் நாவுடையோர் தில்லை மரத்தின் அடியிற் குப்பை எறிதல் தகுமா? ஆடி அமாவாசையிலே அமிர்தகழி மாமாங்கத் தீர்த்தத்தில் தந்தையரை நினைந்து நீராடுகின்றோம். நீர் தூயதென்று நம்பியே மூழ்குகின்றோம்; அந்த நம்பிக்கைக்கு நாமே பொறுப்பு. நமது ஊரிலே கண்ணகை அம்மன் சடங்கில் குளிர்த்தி நடைபெறுகின்றது. மதுரையை எரித்த கோபந் தணிந்து, ஊர் நோயின்றி வாழ, மழை பெய்ய என்றே அதனைச் செய்கின்றோம். நோய் பரப்பும் நுளம்பு நமது பிளாஸ்ரிக் கோப்பையிலே தேங்கிய நீரிற் பெருகுமாயின், குளிர்த்தியின் கருத்தை நாம் உணர்ந்தோமா?

பிற சமயத்தாரும் இதில் நமக்குக் குறைந்தவர் அல்லர். தொழுகைக்கு முன் வுழூச் செய்து தூய்மை பெறும் முஸ்லிம் மக்களுக்கு, ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் நீரை விரயஞ் செய்யலாகாது என்று அவர்தம் சமயம் கற்பிக்கின்றது. கத்தோலிக்கரின் தலைவராயிருந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015 இலே வெளியிட்ட சுற்றுமடலில், பூமியை மனிதர் யாவர்க்கும் பொதுவான வீடு என்றார்.

நமது மாவட்டத்தில் இதனைக் கூறுதல் எளிது. கூடி நிற்றல் எளிதன்று. நெடிய போரின் காயங்கள் எல்லாச் சமூகத்திடமும் உள. 2019 ஏப்பிரல் 21 இலே உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே குழந்தைகளும் மாண்டனர். அதன்பின் அயலவர் அயலவரை ஐயத்தோடு நோக்கிய நாட்களை நாம் அறிவோம். ஆயினும் 2004 டிசெம்பர் 26 இலே கடல் பொங்கியபோது எவர் எச்சமயத்தவர் என்று அலை கேட்கவில்லை என்பதையும் அறிவோம். வாவியும் கேட்பதில்லை. காத்தான்குடியில் எறிந்தது நமது கரையில் ஒதுங்கலாம்; நாம் எறிந்தது கல்லாற்றில் ஒதுங்கலாம். பழைய வழக்குகளை மேடையில் பேசித் தீர்ப்பதற்குக் காலஞ் செல்லும். ஒரு சாக்கின் இரு முனைகளை இருவர் பிடித்து நடப்பதற்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை. பேச்சுக்கு முன்னே கைகள் பழகட்டும்.

ஆகவே, சங்கத்தின் முன்னும் ஆலய பரிபாலனத்தார் முன்னும் நான்கு விண்ணப்பங்களைப் பணிவோடு வைக்கின்றோம்.

முதலாவது, ஆலயத்திலே ஒரு கணக்குப் புத்தகம் வைக்கவேண்டும். ஒவ்வொரு பூரணையை அடுத்த ஞாயிறும் மாணவர் ஒரே அளவான கரையைத் துப்புரவு செய்து, எடுத்தவற்றை வகைவாரியாக எண்ணி அதில் எழுதவேண்டும். நாங்கள் போனபின்னும் புத்தகம் இருக்கும். அடுத்த வகுப்பு மாணவர் அதிலிருந்து தொடருவர். எது குறைந்தது, எது கூடியது என்பதை ஊர் கண்ணாற் காணும். கடைக்காரருக்கும் பிரதேச சபைக்கும் காட்டுவதற்கு அதுவே சான்று.

இரண்டாவது, ஆலய விழாக்கள் வழிகாட்டவேண்டும். அன்னதானத்தை வாழையிலையிலோ தாமரையிலையிலோ பரிமாறுவோம். தண்ணீர்ப் பந்தலிலே செம்பும் குவளையும் வைப்போம். தோரணத்துக்குத் தென்னங்குருத்தும் மாவிலையும் உண்டு. கதிர்காம யாத்திரிகர் நமது ஊர் வழியே வரும்போதும் இவ்வாறே உபசரிப்போம். உகந்தைக்கு அப்பாலுள்ள காட்டுக்கு நமது பொலித்தீன் போகாதிருக்கும்.

மூன்றாவது, வேலையை அறிந்து செய்யவேண்டும். பிளாஸ்ரிக்கைக் கரையிலே குவித்து எரிக்கலாகாது. அதன் புகை நஞ்சு. தரம் பிரித்துப் பிரதேச சபையாரிடம் ஒப்படைக்கவேண்டும். ஆற்றுவாழையைப் பிடுங்கி நீரோரத்திற் போட்டால் மழையோடு மீண்டும் மிதக்கும். மேட்டுக்கு ஏற்றிக் காயவிட்டுப் பசளையாக்கவேண்டும். துப்புரவு என்ற பெயரிலே கண்டற் செடியை வெட்டலாகாது. தில்லையின் பால் கண்ணிற் பட்டாற் பார்வைக்குக் கேடு. சிறு பிள்ளைகளை அங்கே விடலாகாது.

நான்காவது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் அயலூர்த் தேவாலயத்தாரையும் பள்ளிவாசலாரையும் அழைத்து, அவரவர் கரையிலும் நமது கரையிலும் மாறி மாறிப் பணி செய்யவேண்டும். அழைப்பு நமது சங்கத்திடமிருந்து முதலிற் போகட்டும். முதலில் அழைப்பவர்க்கு அதனாற் குறைவு எதுவும் இல்லை.

அன்பர்களே, இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு புத்தகம், சில சாக்குகள், கையுறைகள், தவறாத மனம் ஆகியவை போதும். கல்கத்தாவிலே 15 மாணவரோடு தொடங்கினர். நமது சங்கத்தில் அதனிலும் மிகுந்தோர் உளர். தோணியில் நின்று முதியவர் கேட்ட கேள்விக்கு மாணவராகிய எங்களால் மட்டும் விடை கூற இயலாது. “நாங்கள் பொறுக்குவோம்” என்று ஆலயமும் சங்கமும் ஊரும் சேர்ந்து கூறும் நாளிலேதான் அக்கேள்வி தீரும். அந்த விடையை வரும் வைகாசிச் சடங்குக்கு முன் நாம் அளித்தல் வேண்டும்.